அசலில் எந்த ஊர்?

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் ஓர் அட்டை இருந்தது. எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் அட்டை. 1990இல் பிளஸ் டூ முடித்த கையோடு போர்ட் பிளேருக்குப் போய்ப் பதிந்துவிட்டு வந்தேன். அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். அடுத்தமுறை புதுப்பிக்க எடுத்துப் போனபோது கவுண்டரில் இருந்தவர் மஞ்சளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்தித் தந்தார். எத்தனையோ வீட்டு மஞ்சளைப் பார்த்த கையாக இருக்கும்.

நான் பிறந்தது கராச்சர்மாவில், 1972இல். போர்ட் பிளேரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். இப்போது அந்த நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், 2024இல் மாற்றினார்கள். எங்களுக்கு வாயில் வருவது போர்ட் பிளேர்தான். கராச்சர்மாவும் இன்று பாதி டவுன் ஆகிவிட்டது. நான் சின்னப் பையனாக இருந்தபோது தகரக் கூரையும் பாக்கு மரமுமாகக் கிடந்த ஊர். 1978இல் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்த பிறகு எங்கள் பக்கத்து ஆட்களில் சிலருக்கு அதன் பண்ணையில் கூலி வேலை கிடைத்தது. மற்றவர்களுக்கு ரோடு வேலை, கட்டட வேலை, கடை வேலை.

அப்பா வந்தது 1967இல். முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊர். மழை பொய்த்து, கண்மாய் வெடித்துக் கிடந்த வருடம். பக்கத்து ஊர் மேஸ்திரி ஒருவர் அட்வான்ஸ் பணத்தோடு வந்து ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு சென்னையில் கப்பல் ஏற்றினார். ஒன்பது பேரும் சொந்தம், சொந்தத்துக்குச் சொந்தம். மூன்று ராத்திரி கடலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்ததாக அப்பா சொல்வார். இறங்கிய மறுநாளே ரோடு கேங்கில் சேர்ந்தாயிற்று. மனு இல்லை, இன்டர்வியூ இல்லை. "நம்ம மேஸ்திரி இருந்தாரு, வேலை இருந்துச்சு" என்பார். அவருக்கு அது ரொம்பப் பெரிய விஷயம். முகம் தெரியாத தீவில் இறங்கிய அன்றே சோறு போட ஓர் ஆள் இருந்தார் என்பதை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

அந்தமானில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்தால், யார் எந்தக் கப்பலில் யாரோடு வந்தார்கள் என்பது தெரிந்துவிடும். 1858இல் கைதிகள் குடியிருப்பு தொடங்கிய பிறகு வந்தவர்களின் வம்சம் லோக்கல் பார்ன். 1942இல் ஜப்பானியர் பிடிப்பதற்கு முன்பே இங்கே இருந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு 'ப்ரீ ஃபார்ட்டி டூ' என்றும் பெயர். அலுவலகத்திலும் போலீஸிலும் அவர்கள் முன்பே கால் ஊன்றியிருந்தார்கள். 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து காடு வெட்ட அழைத்து வரப்பட்ட ஒராவன், முண்டா, கடியா மக்களை ஊரே 'ராஞ்சி' என்று ஒரே பெயரில் கூப்பிட்டது. அவர்களுக்குக் காட்டு வேலை. 1949க்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளுக்கு அரசு நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது, அவர்களுக்கு வயல். தெலுங்கர்களில் பலர் மீன் பிடித்தார்கள். எங்களுக்குக் கல், தார், சிமென்ட், அப்புறம் சின்னச் சின்னக் கடைகள். 2011 கணக்கெடுப்பில் தீவுகளில் 100க்கு 15 பேர் தமிழ் பேசுகிறவர்கள். வங்காளி, இந்திக்கு அடுத்தது தமிழ்தான். எண்ணிக்கைக்குக் குறைவில்லை.

இந்த எல்லாக் கப்பலும் ஒன்றாக வந்து நின்ற இடம் எங்கள் தெருக் குழாயடி. தண்ணீருக்கு எப்போதுமே பஞ்சம். வெயில் காலத்தில் நாள் விட்டு நாள், சில சமயம் அதற்கும் மேல். ராத்திரியே குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வருவோம். ராஞ்சி அக்கா குடம், வங்காளி மாஷியின் அலுமினிய வாளி, லோக்கல் பார்ன் சாச்சாவின் பிடி உடைந்த ஜெர்ரி கேன், எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குடம். நான் மூன்று பாஷை கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் அல்ல, அங்கேதான். வீட்டில் தமிழ், பள்ளியிலும் பத்தாவது வரை தமிழ். குழாயடியில் இந்தி, வங்காளி, ராஞ்சி மக்கள் பேசும் சாதரி கொஞ்சம். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் வரிசையில் நிற்கிறவர்கள் மனு எழுத, கரண்ட் பில்லைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள்.

அட்டை பதிந்து மூன்றாவது வருடம், 1993இல், ஒரு கிளார்க் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டியதில்லை. அண்ணனுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு, சட்டையைப் பித்தளைச் செம்பில் கரி போட்டுத் தேய்த்துப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் சர்டிபிகேட்டுகளைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "கஹான் கா ஹை?" எந்த ஊர்?

"கராச்சர்மா, சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அசல் மே கஹான் கா?"

அசலில் எந்த ஊர். என் பிறப்புச் சான்றிதழ் அவர் கையில் இருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளிகளின் முத்திரை அவர் முன்னால் இருந்தது. நான் அதுவரை ஒரே ஒரு தடவைதான் அப்பாவின் ஊருக்குப் போயிருந்தேன். அங்கே என்னை 'அந்தமான்காரன்' என்று கூப்பிட்டார்கள். வேறு பதில் என்னிடம் இல்லை. அப்பா பெயரைச் சொல்லி ராமநாதபுரம் ஜில்லா என்றேன். "அச்சா, மதராசி" என்றார். அதற்குப் பிறகு கேட்ட இரண்டு கேள்விகளும் வேலையைப் பற்றியவை அல்ல. வேலை கிடைக்கவில்லை. என்னைவிட மார்க் அதிகம் வாங்கியவன் யாராவது வந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 'அசல்' என்ற சொல் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

எக்ஸ்சேஞ்சிலிருந்து அடுத்த கடிதம் வரும்வரை சும்மா இருக்க முடியாது. பதிந்த வருடத்திலிருந்தே மாமாவோடு கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பி. அப்போது அவரே மேஸ்திரி ஆகியிருந்தார். "நம்ம பயலுக்கு வேலை இல்லேன்னு நான் எப்படிச் சொல்லுவேன்" என்றார். சொன்னபடியே ஒருநாள்கூடச் சொன்னதில்லை. காய்ச்சலில் படுத்தால் கூலியில் பாதியை வீட்டுக்கு அனுப்புவார். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் நாலு வருடம் கலவை சுமந்த பிறகு ஒன்று புரிந்தது. மாமாவுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் எனக்கும் தெரிந்தவர்கள். அவர் கையில் இருந்த வேலை ஒன்றுதான், அதை எனக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் என்னைத் தூக்கிவிட அந்த வட்டத்தில் யாருக்கும் ஏணி இல்லை.

இந்தக் காலத்தில் நடந்த ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் படித்தவன் ஒருவன் இருந்தான். அவன் பெயரை எழுதவில்லை. அவன் அப்பாவும் எங்கள் தாலுகாக்காரர்தான், வேறு மேஸ்திரியோடு வந்தவர். கணக்கில் என்னைவிடக் கெட்டி. அப்பா படுத்த படுக்கையானதும் அவனுக்கு உடனே வேலை தேவைப்பட்டது. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு கராச்சர்மா டீக்கடைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். லாரி அங்கேதான் வரும். மாமா கண்ணாடி டம்ளரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, ரெண்டு ஆள் குறையுதுன்னீங்களே. இவன் என் பிரண்டு."

மாமா அவனை மேலும் கீழும் பார்த்தார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான். "அப்பா எந்தூருப்பா?"

அவன் ஊரைச் சொன்னான்.

"வடக்குத் தெருவா, தெக்குத் தெருவா?"

அவன் அந்த ஊரையே பார்த்ததில்லை. "தெரியலையே மாமா" என்றான். நான் மாமா என்று கூப்பிட்டேன், அவனும் அப்படியே கூப்பிட்டுவிட்டான். மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னைக்கு ஆள் போதும், பெறகு சொல்லி அனுப்புறேன்" என்றார். லாரி வந்தது. இரண்டு இடம் காலியாகத்தான் இருந்தது. நான் ஏறிக்கொண்டேன். அவன் டீக்கடை விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தான். வண்டியில் மாமா என்னிடம், "கண்டவனெல்லாம் மாமாங்குறான்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை.

அந்தத் தெருக் கேள்வியின் அர்த்தம் தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒருநாளாவது இருந்தவர்களுக்குத் தெரியும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடலைத் தாண்டி வந்தும் அந்தத் தெரு எங்களோடு வந்திருந்தது. அரசாங்கத் தாளில் மட்டும் அது இல்லை. அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கென்று பட்டியல் சாதிகளின் பட்டியலே கிடையாது. கணக்கெடுப்பில் அந்தக் கட்டத்தில் பூஜ்யம்தான் இருக்கும். தமிழ்நாட்டில் அவனுக்கு இடஒதுக்கீடு இருந்திருக்கும். இங்கே தாளும் அவனைக் கண்டுகொள்ளவில்லை, மேஸ்திரி மட்டும் தெளிவாகக் கண்டுகொண்டார். எங்கள் தெரு ராஞ்சி அக்காவின் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அவர்கள் சொந்தக்காரர்கள் ஜார்க்கண்டில் பழங்குடியினர். கடல் தாண்டிய இவர்கள் இந்தத் தீவுகளின் பழங்குடிப் பட்டியலில் இல்லை. பிற்பாடு 2005இல் தீவுகளுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் வந்தபோது லோக்கல் பார்ன், பாண்டு, மாப்ளா, கரேன், அரசு குடியமர்த்திய வங்காளிகள் அதில் இடம்பெற்றார்கள். அவர்களுக்கு அதற்கான காரணங்கள் உண்டு. கைதிகளின் வம்சமும் அகதிகளின் வம்சமும் பட்ட பாட்டை நான் பக்கத்து வீட்டில் இருந்து பார்த்தவன். ஆனால் மேஸ்திரியோடு பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் எந்தக் கட்டத்திலும் வரவில்லை.

அவன் மூன்று மாதத்தில் கப்பல் ஏறி மெயின்லேண்டுக்குப் போய்விட்டான். வழியனுப்ப நான் ஹேடோ ஜெட்டிக்குப் போகவில்லை. வேலை இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எனக்கு நல்ல வேலை கிடைத்தது அதற்கு அடுத்த வருடம், 1994இல். வாங்கிக் கொடுத்தவர் குழாயடி சாச்சா. ஓய்வுபெற்ற பியூன். அவரோடு எனக்கு இருந்த பழக்கம் என்ன? வாரத்தில் இரண்டு நாள் வரிசையில் பேசுவோம், எப்போதாவது அவருடைய பென்ஷன் கடிதத்தைப் படித்துச் சொல்வேன். அவ்வளவுதான். ஒருநாள் கேனை நிரப்பிக்கொண்டே சொன்னார்: அபர்டீன் பஜாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்கள், முதலாளி எனக்கு ஜான்பெஹ்சான், பழக்கமானவர், நாளைக்கு வா. மறுநாள் அவரே பஸ் ஏறி என்னைக் கூட்டிக்கொண்டு போய், முதலாளி முன்னால் நிறுத்தி, "யே அப்னா கராச்சர்மா கா லட்கா ஹை" என்றார். இவன் நம்ம கராச்சர்மா பையன்.

என்னை இந்த ஊர்க்காரன் என்று வெளியாள் ஒருவரிடம் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது, கடையில் அடுக்கியிருந்த பெயின்ட் டப்பாக்களைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் கடைக்கு நான் தேவைப்பட்டதற்குக் காரணம் என் தமிழ். சிமென்ட்டும் கம்பியும் வாங்க வருகிற மேஸ்திரிகளில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள். இந்தியில் பில் போட்டு, தமிழில் கடன் பேசி, வங்காளியில் பாக்கி கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அலுவலகத்தில் என்னைத் தள்ளிவைத்த அதே 'மதராசி' என்ற பெயர் இங்கே என்னை உள்ளே கூப்பிட்டது. ஆனால் அந்தக் கதவு இருப்பதே சாச்சா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமாவுக்கு அது தெரிய வழியே இல்லை.

சில வருடம் கழித்து அஞ்சல் வழியில் சமூகவியல் படித்தேன். அதில் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க அறிஞரைப் பற்றி ஒரு பாடம். பாஸ்டனுக்கு அருகே நியூட்டன் என்ற ஊரில், வேலை மாறிய ஆண்கள் 282 பேரிடம் விசாரித்திருக்கிறார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆள் தெரிந்துதான் வேலை கிடைத்திருந்தது. அப்படித் தகவல் சொன்னவர்களில் ஆறில் ஒருவர்தான் அடிக்கடி பார்க்கிற நெருக்கமானவர்; மற்றவர்கள் எப்போதாவது பார்க்கிறவர்கள், அபூர்வமாகப் பார்க்கிறவர்கள். நமக்கு நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்துப் பழக்கம்தான் புதுச் சேதி கொண்டுவரும் என்பது அவருடைய வாதம். பாடத்தைப் படித்தபோது எனக்குப் பிடி உடைந்த ஜெர்ரி கேன்தான் ஞாபகம் வந்தது. சொந்தம் எனக்குச் சோறு போட்டது. பழக்கம் எனக்கு வேலை கொடுத்தது. இரண்டுமே இல்லாமல் ஒருவன் டீக்கடை வாசலில் நின்றதும் ஞாபகம் வந்தது. அவனும் அதே குழாயடியில் தண்ணீர் பிடித்தவன்தான். சாச்சாவுக்கு அவனையும் தெரியும். 'இவன் கணக்கில் கெட்டி' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என்னிடம் அந்த வார்த்தை இருந்தது.

கடையில் இருந்துகொண்டே நிறையப் பார்த்தேன். 2002 மே மாதம் மரம் வெட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் கடும் கட்டுப்பாடு விதித்த பிறகு தனியார் பிளைவுட் மில்கள் முடங்கின. மில்லையே நம்பியிருந்தவர்கள் கடை வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் மில்லில் இருந்தவர்கள். எல்லாருக்கும் ஒரே நாளில் வேலை போனால் யார் யாருக்குச் சொல்வது? 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிலைமை தலைகீழ். தீவு முழுக்க வீடும் ஜெட்டியும் கட்ட வேண்டியிருந்தது. கப்பல் கப்பலாக ஆட்கள் இறங்கினார்கள். முதலாளிக்கு வயதாகிவிட்டதால் குடோனுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இப்போது நான்.

அப்போதுதான் எவ்வளவு சுலபமாக அந்தக் கேள்வி வாயில் வருகிறது என்று கண்டுகொண்டேன். எதிரே நிற்கிறவனின் உச்சரிப்பைக் கேட்டதும் நாக்கு தானாகவே "எந்தூருப்பா?" என்கிறது. அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. பயம்தான். குடோன் சாவியைக் கொடுக்கப்போகிறோம், ஓடிவிட்டால் யாரைப் பிடிப்பது? நம்ம ஆள் என்றால் அவன் மாமனைப் பிடிக்கலாம். மாமாவும் அந்த அதிகாரியும்கூட இப்படித்தான் யோசித்திருப்பார்கள். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது எப்போதும் எதிரே நிற்கிறவன். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஊர் கேட்பதில்லை. ஒரு துண்டுத் தாளில் நாலு பொருளும் விலையும் எழுதிக் கொடுத்துக் கூட்டச் சொல்வேன். எழுதத் தெரியாதவனை ஒரு வாரம் வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பேன். அதற்கப்புறம் பேச்சு. ஆள் வேண்டும் என்ற சேதியை எங்கள் ஆட்களிடம் மட்டும் சொல்லாமல் கடை வாசலில் தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் எழுதி ஒட்டுவேன். இது பெரிய சாதனை இல்லை. ஒரு கடை, வருடத்துக்கு நாலைந்து ஆள்.

2006இல் அப்படி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஒரு பையன் வந்தான். கூட்டல் சரியாகப் போட்டான். கராச்சர்மா என்றான். முகம் எங்கேயோ பார்த்த முகம். டீக்கடை வாசலில் நின்றவனுடைய தம்பி. "அண்ணே, எனக்கு இங்க ஆளு யாரும் தெரியாது" என்றான். வேலைக்கு வரச் சொல்லிவிட்டு, உன் அண்ணன் எங்கே என்றேன். திருப்பூரில் இருக்கிறான், பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான் என்று சொல்லி நம்பர் கொடுத்தான்.

இரண்டு நாள் அந்த நம்பரைச் சட்டைப் பையில் வைத்திருந்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். பெயரைச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரலில் சந்தோஷம்தான் இருந்தது. தம்பியைச் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னான். அம்மாவைக் கேட்டான். சாச்சா இறந்துவிட்டார் என்றதும் வருத்தப்பட்டான். அப்புறம், "குழாயில இப்ப தண்ணி எப்ப வருது?" என்றான்.

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா."

"அப்படியே இருக்கா?" என்று சிரித்தான். "இங்க யாராச்சும் எந்த ஊருன்னு கேட்டா கராச்சர்மான்னுதான் சொல்லுறேன். அது எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல. சொந்த ஊரு எதுன்னு திரும்பக் கேக்குறாங்க."

அந்த லாரியில் நான் ஏறிப் போனதைப் பற்றிச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தபோது சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டேன். இப்போது என் மகளுக்கு வேலை தேடுகிற வயது. மனு எல்லாம் கம்ப்யூட்டரில் போடுகிறாள். மஞ்சள் தடவ அட்டை இல்லை. ஒரு கட்டத்தில் நிறுத்தி, "அப்பா, சொந்த ஊருன்னு என்ன போடட்டும்?" என்று கேட்டாள். கராச்சர்மா என்று போடச் சொன்னேன். அவளிடம் அந்த டீக்கடையைப் பற்றியும் சொன்னேன், நான் வாயைத் திறக்காததையும் சேர்த்து. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இதை எழுதி முடித்ததும் முதல் பிரதி திருப்பூருக்குப் போகும்.